மெரேக்கு நான் ஏற்றிவிட்ட முந்நூறு கிராம்

என் ஆசை அண்ணைக்கு, எங்கே இருந்தாலும் இதைக் காது கொடுத்துக் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையோடு உங்கள் தங்கச்சி எழுதுவது.

இங்கே எல்லோரும் நல்ல சுகம். காலையில் பிள்ளையாருக்கு விளக்கேற்றி, உங்கள் படத்துக்குப் பூவும் வைத்துவிட்டு, அப்படியே குசினி மேசையில் இருந்து எழுதத் தொடங்கிவிட்டேன். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நான் கதைக்கத் தொடங்கினால் டிவிச் சத்தத்தைக் கூட்டுகிற ஆள் நீங்கள். இப்போது என்ன செய்வீர்கள்?

இந்த ஆடி மாதம் மொன்றியலில் பல நாடுகள் சேர்ந்த விளையாட்டுப் போட்டி நடந்தது. உங்கள் மகள் சிந்து அதில் தொண்டராகச் சேர்ந்தாள். ஒவ்வொரு அணிக்கும் வழி காட்ட, கார் ஓட்ட, ஊர்க்காரர் ஒருவரைக் கொடுப்பார்களாம். இவளுக்குக் கிடைத்தது பசிபிக் கடலில் பொட்டு மாதிரி ஒரு தீவு. நாட்டுச் சனம் முழுவதையும் கொண்டுவந்து குடிவைத்தாலும் நாங்கள் இருக்கிற சென்ட் லோரன்ட் பகுதி அப்பார்ட்மென்டுகளில் இடம் மிஞ்சும். அணி என்று பார்த்தால் ஓடுகிற பெடியன் ஒருவன், நீந்துகிற பெடியன் ஒருவன், பாரம் தூக்குகிற மெரே என்ற பிள்ளை, ஒரு கோச். அவ்வளவுதான்!

மெரே கட்டையான பிள்ளை. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். அந்தத் தீவிலிருந்து பாரம் தூக்க வந்த முதல் பெண் அவள்தானாம். ஊரில் எல்லோரும் ரேடியோவுக்குப் பக்கத்தில் காத்திருக்கிறார்களாம். மெடல் எல்லாம் அவளுக்கு வேண்டாம். ஒழுங்காகத் தூக்கி முடித்து, நாட்டின் பேருக்கு நேரே ஒரு இலக்கம் விழுந்தால் போதும் என்றாள்.

போட்டியன்று நான் சும்மா போவேனா? விடிய எழும்பித் தலைமுழுகி, மோதகம் அவித்து, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு, டப்பாவில் போட்டுக்கொண்டு சிந்துவோடு போனேன். கோச் ஏதோ பதிவு அலுவலாகப் போயிருந்தார். சிந்து கார் விட இடம் தேடிப் போனாள். மெரே போட்டி மண்டபத்து வாசல் வாங்கில் தனியே, முகம் வாடிப்போய் இருந்தாள். திருநீறு பூசட்டோ என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன். நெற்றியை நீட்டினாள். மோதகத்தை நீட்டினேன். ஒரு விரலைக் காட்டி, ஒன்று போதும் என்றாள்.

எங்கள் ஆட்களைத் தெரியும்தானே அண்ணை! ஒன்று போதும் என்றால் கூச்சப்படுகிறது என்று அர்த்தம். இன்னொன்று வைத்தேன். பேசாமல் சாப்பிட்டாள். ஐயோ, பிள்ளைக்கு என்ன பசியோ என்று மேலும் மூன்று வைத்தேன். விக்கும் என்று பிளாஸ்கில் இருந்த பால் தேத்தண்ணியும் வார்த்துக் கொடுத்தேன்.

சிந்து வந்து வெறும் டப்பாவைப் பார்த்து, கடவுளே என்று பிரெஞ்சில் அலறினாள். "மொன் டியூ! மாமி, என்ன குடுத்தனீங்கள்?"

"மோதகம்தான் பிள்ளை. பிரசாதம்."

"அவ இன்னும் நிறை பாக்கேல்லை மாமி! அதுக்காகத்தான் ராத்திரியில இருந்து பட்டினி!"

பாரம் தூக்குகிறவர்கள் தங்கள் பிரிவுக்குரிய நிறைக்கு மேலே இருக்கக்கூடாதாம். எனக்கு அது எங்கே தெரியும்? ஓடிவந்த கோச் அவளைத் தராசில் ஏற்றினார். முந்நூறு கிராம் கூட! நிறை பார்க்கிற ஒரு மணித்தியாலம் முடிய முன்பு அது குறையாவிட்டால் மேடைக்கே விடமாட்டார்களாம்.

"ஏனம்மா வேண்டாம் எண்டு சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"எங்கட ஊரில பெரிய ஆக்கள் சாப்பாடு தந்தா வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது" என்று அழுதாள். சிந்துதான் அதைத் தமிழாக்கினாள்.

"நல்ல பொருத்தம்" என்றாள் சிந்து. "எங்கட ஆக்களுக்கு வேண்டாம் எண்டாலும் விளங்காது."

வேர்க்க வைத்தால் குறையும், ஆனால் இந்த இடத்தில் வெக்கை அறைக்கு எங்கே போவது என்று கோச் தலையில் கை வைத்தார். எனக்குச் சட்டென்று உங்கள் கார் ஞாபகம் வந்தது. அதைத்தான் இப்போது சிந்து ஓடுகிறாள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலைக்கு நீங்கள் போட்டுக்கொண்டு போன அந்தத் தடித்த குளிர் கோட்டு இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது. கழுவவும் விடமாட்டாள், கொடுக்கவும் விடமாட்டாள் உங்கள் மகள்.

நான் வாய் திறக்க முன்பே அவள் அதை எடுத்து மெரேக்குப் போட்டுவிட்டாள். ஆடி வெயில். கண்ணாடி எல்லாம் பூட்டு. ஹீட்டர் முழுவேகம். முன்னுக்குக் கோச் மணிக்கூட்டைப் பார்த்தபடி. பின்னுக்கு மெரே, பக்கத்தில் நான். நான் கொடுத்த மோதகம், நானும் வேகத்தானே வேண்டும்? நான் தேவாரம் படித்தேன், அவள் தன் சேர்ச் பாட்டுப் படித்தாள். எந்தச் சாமிக்கு முதலில் கேட்டதோ தெரியாது, ஆறாக வேர்த்தது.

பார்க்கிங் காவல்காரர் ஓடிவந்து கண்ணாடியில் தட்டி, சுகமோ என்று பிரெஞ்சில் கேட்டார். "மதாம், சா வா?"

"சா வா, சா வா! மெர்சி!" என்று நான் கத்த, கோட்டைப் பார்த்து, ஹீட்டரைப் பார்த்து, அந்த மனிதர் வானத்தையும் ஒருதரம் பார்த்தார். அழுதுகொண்டிருந்த மெரே அப்போதுதான் சிரித்தாள்.

கடைசி நிமிஷத்தில் தராசில் ஏறினாள். சரி!

ஆனால் சோதனை முடியவில்லை, பாருங்கோ. இரண்டு விதமாகத் தூக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மூன்று தரம்தான். முதல் விதத்தை ஒரே மூச்சில் தூக்கினாள். மற்றதில் முதல் தரம் பாரம் பின்னால் விழுந்தது. இரண்டாம் தரம் நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. மூன்றாவதும் தவறினால் முதல் விதத்தில் தூக்கியதும் கணக்கில் வராதாம். வேர்க்க வைத்து அவளுடைய பலத்தையும் உருக்கிவிட்டேனா? அந்த நேரம் பிள்ளையாரோடு நான் சண்டையே பிடித்தேன். படைத்ததைச் சாப்பிட்டது நீரும்தானே, ஒரு கை பிடியும் என்றேன்.

மூன்றாம் தரம் குனிந்தாள். நெஞ்சுக்கு வந்தது. கால் நடுங்கியது. "தூக்கு பிள்ளை! தூக்கடி!" என்று நான் தமிழில் போட்ட சத்தத்தில் முன்வரிசைச் சனம் திரும்பிப் பார்த்தது. தலைக்கு மேலே போய் நின்றது அண்ணை, அசையாமல்! சரி என்று மூன்று நடுவரின் வெள்ளை விளக்கும் எரிந்தன. கடைசிக்கு முந்தின இடம்தான். ஆனாலும் தீவின் பேருக்கு நேரே இலக்கம் விழுந்துவிட்டது. கோச் குழந்தை மாதிரி அழுதார். சிந்துவும் நானும் யார் யாரையோ கட்டிப்பிடித்தோம்.

கொஞ்ச நேரத்தில் மெரேயின் அம்மா ஊரிலிருந்து போன் எடுத்தா. பின்னால் கோயில் திருவிழா மாதிரி இரைச்சல். மகளோடு கதைத்து முடித்து, மோதகம் கொடுத்தவவிடம் போனைக் கொடு என்றாவாம். பேச்சு விழப்போகிறது என்று பயந்துகொண்டு வாங்கினேன். அவ சிரித்து முடிக்கவே நேரம் எடுத்தது. பேந்து சொன்னா: "நீ இஞ்ச ஒருக்கா வா. நான் உனக்குச் சாப்பாடு போடுறன். வேண்டாம் எண்டு மட்டும் சொல்லக்கூடாது!"

போகத்தான் போகிறேன் அண்ணை. எத்தனை விமானம் மாறி ஏறினாலும் சரி, சிந்துவையும் கூட்டிக்கொண்டு போவேன். அந்தத் தாய் எத்தனை தரம் வைத்தாலும் சாப்பாட்டுக் கோப்பையை இழுக்கமாட்டேன். அங்கே மீன் இல்லாமல் சாப்பாடே இல்லையாம். நாங்கள் போய் இறங்குகிற நாள் வெள்ளிக்கிழமை என்றாலும் சாப்பிடுவேன். இது உங்கள் மேல் சத்தியம். பிள்ளையாரிடம் நான் பிறகு கதைத்துக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் கூடப்பிறந்தவள்,
சிந்துவுக்கும் இப்போது ஒரு முழுத் தீவுக்கும் மாமி,
மனோ