ஐந்தாவது கொலை

அண்ணை,

உங்கள் கொப்பியில் இன்னும் வெங்காய மணம் போகவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் உங்கள் மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், அதை என் கையில் தந்தார். குசினியில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நீங்கள் எழுதிய கொலை நாவல். இப்போது ரயிலில் மடியில் வைத்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சுவிஸில் ஆரா நகரில் நாம் சமைத்த முதியோர் இல்லத்திலிருந்து, வேலையையும் வாழ்க்கையையும் சமன்செய்யப் பழக்கும் வகுப்புக்கு நம்மை அனுப்பினார்களே, அதுவும் லீவு நாளில். கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, மாட்டேன் என்று டொச்சு மொழியில் உரக்கச் சொல்லச் சொன்னாள் வகுப்பெடுத்த பெண். எல்லோரிலும் நீங்கள்தான் திறமாகச் சொன்னீர்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதே என் சனிக்கிழமை வேலையை உங்கள் தலையில் கட்டினேன். பெறாமகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு.

"ஓம், நான் செய்யிறன். நீர் போட்டு வாரும்," என்றீர்கள்.

திருவிழா, கலியாணம், பிறந்தநாள் என்று நம்மாட்கள் எல்லோருமே சனிக்கிழமையை உங்களிடம்தான் தள்ளினோம்.

உங்கள் கதாநாயகனும் அந்த வகுப்புக்குப் போகிறான். அப்படியும் மறுத்துச் சொல்ல வாய் வருவதில்லை. அதனால் உதவி கேட்பவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான். ஒவ்வொரு கொலைக்கும் முன் முறைப்படி மூச்சுப்பயிற்சி வேறு. மேலாளர் சூப் அண்டாவுக்குள் போகும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். எதிரே இருந்த கிழவி முறைத்தாள்.

ஐந்தாவது ஆள் நான். என் வழுக்கை, என் இருமல், "அண்ணை, ஒரு சின்ன உதவி" என்ற என் இழுவை, எல்லாம் இருக்கிறது. குளிரறைக் கதவுக்குப் பின்னால் கத்தியோடு நிற்கிறான் அவன். அத்தோடு எழுத்து நின்றுவிட்டது.

என்னைக் கொல்ல மனம் வரவில்லையா, நேரம் கிடைக்கவில்லையா? இது பகிடியா, கோபமா? குழம்பிப்போய் இருக்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் விழுந்த அந்தச் சனிக்கிழமையும் என்னுடையதுதானே. நான் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன்.

அக்காவுக்கு அது தெரியாது. உங்கள் முறை என்றே நினைத்திருக்கிறார். நேற்று ஃபோன் எடுத்தார்.

"தம்பி, இதைப் புத்தகமாப் போடவேணும். முடிவை நீங்களே எழுதுங்கோ. அவரைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும்."

வந்து கதைக்கிறேன் என்றேன். திரிம்பாக்கிலுள்ள உங்கள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். நாவலின் முடிவு பிறகு. முதலில் அந்தச் சனிக்கிழமையைச் சொல்லவேண்டும். சொன்னபின் அந்த வீட்டில் எனக்கு ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ தெரியாது. எப்படித் தொடங்குவது, அண்ணை? பாருங்கள், இதையும் உங்களிடம்தான் கேட்கிறேன்.