உயர்த்திய விரலைத் திரும்பப் பெற்றவனுக்கு

நண்பா,

இன்று காலை கிளமெண்டியில் ரயிலேறிய இளைஞர் ஒருவர் என் அருகில் நின்றார். விளையாடப் புறப்பட்டவர் போலும். அவர் முகத்தில் வெயிலுக்குப் பூசும் வெண்களிம்பின் மணம். நீ மூக்கின்மேல் திருநீறு போல் அப்பிக்கொள்வாயே, அதே மணம். இறங்கி மாறவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். சிராங்கூன் சாலையில் எனக்காகக் கூட்டம் காத்திருந்தது. நானோ மறைந்துபோன உன்னோடு வழக்காடிக்கொண்டிருந்தேன்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன் நீ. ஆண்டு விடுப்பை எல்லாம் கோலாலம்பூர், காட்மாண்டு, மஸ்கட் என அயல்நாட்டுத் திடல்களில் நின்றே செலவழித்தாய். ‘பன்னாட்டு மட்டைப்பந்து நடுவர்’ என்று மேடையில் உன்னை முழங்கி அறிமுகம் செய்வேன். கீழே இறங்கியதும் காதைக் கடிப்பாய்: “டேய், நீ சொல்றதக் கேட்டா எனக்கே பயமா இருக்கு லா. அம்பயர்னு சொல்லு, போதும்.”

உனக்கிருந்த கனவு ஒன்றுதான்: சிறிய நாடுகளின் ஆட்டங்களிலிருந்து பெரிய நாடுகளின் ஆட்டங்களுக்கு நடுவராய் உயர்வது. உன்னை எடைபோட வந்த பார்வையாளர், நம் ஊர்த் திடலின் கூடாரத்தில் அமர்ந்திருந்தார். எல்லைக் கயிற்றருகே நானும் இருந்தேன். வெற்றி யாருக்கு என்று தெரியாத இறுதிக் கட்டம். பந்து மட்டையைக் கடந்தபோது ‘டக்’கென்று ஓர் ஒலி, மறுகணம் பந்து விக்கெட் காப்பாளர் கையில். எதிரணி முழுவதும் கத்தியது. நீ விரலை உயர்த்தினாய். மட்டையாளர் தலைகுனிந்து நடந்தார்.

அப்போதுதான் நீ தரையைப் பார்த்தாய். மட்டை உரசிய புதுத் தடம்! உன் காதில் விழுந்தது பந்தின் ஒலியன்று, மண்ணின் ஒலி.

அங்கே மறுபார்வைத் திரை கிடையாது. நீ வாளாவிருந்திருந்தால் எவரும் அறிந்திரார். நீயோ கைகளை மார்பின் குறுக்கே மடித்துத் தோள்களைத் தொட்டாய். தந்த தீர்ப்பைத் திரும்பப் பெறுவதற்கு உங்கள் தொழிலில் உள்ள சைகை அது. மட்டையாளரைத் திரும்ப அழைத்தாய். பந்துவீசிய அணி கொதித்தது. பார்வையாளர் குனிந்து ஏதோ எழுதினார்.

உயர்வு பெற்றோர் பெயர்கள் வெளிவந்தன. உன் பெயர் இல்லை.

தேக்கா சந்தையின் தேநீர்க் கடையில் நான் மேசையைத் தட்டினேன். “முறையிடு! மேடை போடுகிறேன், ஊரைத் திரட்டுகிறேன்!”

நீ தேத்தாரிக் தேநீரை ஆற்றியபடி சிரித்தாய். “அவுட் குடுத்தா வெளிய போவணும்டா. அங்கயே நின்னு சண்டை போடுறவன எனக்கே பிடிக்காது.”

“ஒரு நொடி பேசாதிருந்திருக்கலாமே!”

“இருந்திருக்கலாம். மறுநாள் வேற மேட்ச்ல நிக்கணுமே? அப்ப என் விரல நானே நம்பணும்ல?”

மறுவாரமே அலுவலகக் குழுக்களின் ஞாயிறு ஆட்டத்தில், உலகக் கோப்பைக்கு நிற்பவன்போல் நிமிர்ந்து நின்றாய். அந்த வாய்ப்பு உனக்கு மீண்டும் வரவில்லை. நோய்தான் வந்தது.

நான் இன்றும் ஆறவில்லை. பிழையைக் குறித்துக்கொண்ட பேனா, அதைத் திருத்திய துணிவை ஏன் குறிக்கவில்லை? இந்தக் கேள்வியோடு எத்தனை முறை உன்னிடம் வந்தேன்! ஒருமுறையாவது நீ சினந்திருந்தால் என் சினம் தணிந்திருக்கும்.

இன்றைய கூட்டத்திற்குத் தாமதமாகச் சென்றேன். ஆயினும் அனல்பறக்கப் பேசினேன். ஆனால் உன் மறைவுக்குப்பின் என் பேச்சில் ஒன்று நுழைந்துவிட்டது. ஒரு சொற்றொடரை வீசி முடித்ததற்கும் கைதட்டல் எழுவதற்கும் இடையே ஒரு சிறு வெற்றிடம். சொன்னது சரிதானா என்று அதில் ஒரு வினா. கூட்டம் அதை அறியாது. ஒவ்வொரு மேடைக்கும் அதைச் சுமந்துகொண்டே ஏறுகிறேன், நண்பா, இறக்கிவைக்க மனமில்லை.