நான் ஆடாத ஆட்டம்

என் பிரியமுள்ள அம்மாவுக்கு,

இந்தியக் கால்பந்து அணியின் முகாமுக்கு வரச்சொல்லி நேற்று மறுபடியும் கடிதம் வந்தது. வர முடியாது என்று பதில் எழுதிவிட்டேன். வலது முழங்கால் முன்போல மடங்குவதில்லை. லாஸ்பேட்டை ஆபீசில் மாடி ஏறவே கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். கால்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னிடமும் அதையே சொல்ல முடியுமா?

ரெட்டியார்பாளையம் வரைக்கும் கூடை சுமந்து, தெருத்தெருவாக மீன் விற்றவள் நீ. என் ஆட்டம் பார்க்க ஒரே ஒரு நாள்தான் வந்தாய். திரும்பும் வழியில் கேட்டாய்.

"நீ கோலும் போடல, கோல தடுக்கவும் இல்ல. அப்புறம் எதுக்குடி நடுவுல கெடந்து ஓடுற?"

"பின்னால இருக்கறவங்ககிட்ட பந்த வாங்கி முன்னால இருக்கறவங்களுக்குக் குடுக்கணும்மா. அதான் என் வேல."

"வாங்கிக் குடுக்கிற வேலயா? அத எங்கிட்டயே கத்துக்கிட்டிருக்கலாமே!"

அதற்குப் பிறகு, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் பந்து என்று குப்பத்தில் யார் கேட்டாலும், கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றாய்.

முதலில் பாண்டிச்சேரி அணி, பிறகு இந்திய அணி. மூன்று வருஷம் நடுக்களத்தில் என் இடத்தை யாரும் அசைக்கவில்லை. பாங்காக் பயணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் முழங்கால் முதல்முறை பிசகியது. உன்னிடம் சொல்லாமல் கிளம்பினேன். நீயும் உன் காமாலையைச் சொல்லாமல்தான் என்னை வழியனுப்பினாய்.

நான் விமானம் ஏறிய நாலாம் நாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தந்தி அடிக்கக் கிளம்பிய அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாயாம். "அவளுக்கு ஒண்ணும் சொல்லாத. ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்குது. ஆடிட்டு வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போய்விட்டாய். எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கு வாங்கிய குடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். வாசலில் அண்ணன் மொட்டைத் தலையோடு நின்றிருந்தார்.

"அம்மா போயிடுச்சு. நீ ஆடிக்கிட்டிருந்த நேரம்தான். 'ஆட்டம் ஆரம்பிச்சிருக்கும் இல்ல?'ன்னு கேட்டுச்சு. அதான் கடைசிப் பேச்சு."

அம்மா, அன்றைக்கு நான் ஆடவே இல்லை.

காலையிலேயே மேனேஜர் என் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்று நீ உட்கார்ந்துகொள் என்று சொல்லிவிட்டார். ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

வாசலிலேயே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். கருமாதிக்கு வந்தவர்களிடம் அவர் சொன்னார், இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எங்கம்மா உசுரு போற நேரத்துல இவ இந்தியாவுக்கு ஆடிக்கிட்டிருந்தா." நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதன் பிறகும் இரண்டு வருஷம் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினேன். நீ என் முகம் பார்ப்பதையே விட்டுக்கொடுத்த அந்த ஒரு ஆட்டத்துக்கு ஈடாக எத்தனை ஆடினாலும் போதவில்லை. அலுத்துவிட்டதம்மா. உன் மேல் கோபமும் இருக்கிறது. என்னைக் கேட்காமல் நீயே ஏன் முடிவு செய்தாய்? தந்தி கொடுத்தால் நான் வந்துவிடுவேன் என்று பயந்தாயா, வராமல் போய்விடுவேன் என்று பயந்தாயா?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். அச்சில் வருவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எதிரில் உட்கார்ந்து நானே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அவர் கத்தினாலும் அழுதாலும் எழுந்து போகமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கடைசிப் பெண்,
வளர்மதி