பின்னாலிருந்து தாங்கியவள்

என் உயிரான அக்காவுக்கு,

உன் வீட்டுச் சேதி ஒன்று இருக்கிறது. கேட்டால் உனக்கு வலிக்கும். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

உன் புருஷன் திரும்பி வந்துவிட்டார். குமரன் கைக்குழந்தையாக இருந்தபோது காவி கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போன மனிதர், நீ செத்த பிறகு, முட்டி தேய்ந்து கொரட்டூருக்கு வந்து சேர்ந்தார். உன் மகன் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறான். தெருவே வந்து அவர் காலில் விழுகிறது. பாடியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளை வளர்த்த உன் காலில் யார் விழுந்தார்கள்? தாலியும் பூவும் இருந்தும், எந்தக் கல்யாண வீட்டிலாவது ஆரத்தித் தட்டை உன் கையில் கொடுத்தார்களா?

எனக்கும் அவருக்கும் ராசி பண்ணிவைக்கத்தான் குமரன் எங்கள் இருவரையும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். அஜந்தா குகை ஓவியங்களை அதே அளவில் படமெடுத்துச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். "சாமியாருங்க படம் சித்தி, ரெண்டு பேருக்கும் புடிக்கும்" என்றான். எனக்கு எந்தச் சாமியாரைப் பிடித்திருக்கிறது?

ஒரு படத்தின் முன் நின்றுவிட்டேன். ராணி போல ஒருத்தி சரிந்து கிடக்கிறாள். கண் பாதி மூடி, தலை தொங்கிவிட்டது. இன்னொருத்தி பின்னாலிருந்து அவளைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். கீழே ஒட்டியிருந்ததை மெதுவாகப் படித்தேன். புருஷன் துறவியாகிவிட்டான், அவன் கிரீடம் மட்டும் வீட்டுக்கு வந்திருக்கிறது, அதைப் பார்த்துச் சரிகிறாளாம்.

விளக்கம் சொல்ல நின்ற பெண்ணிடம், "அப்புறம் இவ இன்னா ஆனாம்மா?" என்றேன்.

"இந்தப் படத்துல அவ்ளோதான் பாட்டி. அவரு பெரிய ஞானி ஆயிட்டாரு."

"அவர உடு. பின்னால புடிச்சிகினு கீறாளே, இவ யாரு?"

"பணிப்பெண். பேர் தெரியாது."

உன் புருஷனைப் பார்த்தேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். "இன்னா கலரு! இத்தினி வருசமாகியும் அழியல பாரு" என்றார். பிறகு, "குமரா, இங்க டீ கெடைக்குமாடா?"

அந்த வாயை அடைக்க, இத்தனை காலம் கழித்து மாமா என்று கூப்பிட்டேன். "மாமா, நீ பூட்ட அன்னிக்கி அக்காவும் இப்டிதான் சாஞ்சிது. நான்தான் புடிச்சேன்."

"புண்ணியவதி, போய்ச் சேந்துட்டா. நீ இன்னும் இன்னாத்துக்கு அதையே பேசிகினு கீற?"

குமரன் என்னைத்தான் முறைத்தான், அக்கா.

திரும்பும் ரயிலில் விஷயத்துக்கு வந்தான். "சித்தி, அம்மா போட்டோ உன்னாண்டதான கீது? குடு. அப்பாவோட சேத்து ஒரே படமா போட்டு, தெவசத்துக்கு மாட்லாம்."

உனக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். அம்பத்தூர் ஸ்டுடியோவில் நீ ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாய், நான் பின்னால் நின்று உன் தோளில் கை வைத்திருப்பேன்.

"சேந்து வாழ்ந்தவங்களத்தான் சேத்து மாட்டுவாங்க. தர மாட்டேன்" என்றேன்.

சிரித்தான். "நீ தராட்டி இன்னா? போன வாரம் உன் ஊட்டுக்கு வந்தப்பவே செல்லுல புடிச்சிட்டேன்."

திவசத்தன்று போனேன். கூடத்தில் பெரிய சட்டம். என்னை வெட்டிவிட்டு என் இடத்தில் அவரை நிறுத்தியிருந்தார்கள். அவர் உயிரோடு இருப்பதால் மாலையை உன் பக்கம் மட்டும் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். உன் தோளில் என் விரல்கள் அப்படியே இருந்தன. அதை அழித்தால் உன் புடவையும் கெட்டுவிடும் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னாராம்.

சாப்பிட வந்த பக்கத்து வீட்டுக்காரி அண்ணாந்து பார்த்தாள். "சாமியாரா போனாலும் இன்னா ஆசை பாரேன், தோள்ல கைய வெச்சிகினு கீறாரு!"

"அது என் கைடீ" என்றேன். யாரும் திரும்பவில்லை. சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அசல் படம் என் பெட்டியில் இருக்கிறது. எனக்குப் பிறகு யார் அதைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அந்தச் சட்டம்தான் நிலைக்கும். உன் பேரப்பிள்ளைகள் அதைத்தான் நம்புவார்கள். அது எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒவ்வொரு திவசத்துக்கும் போவேன். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். படத்துக்குக் கீழே நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் அது யார் கை என்று சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உன் தோளிலிருந்து கையை எடுக்காத தங்கை,
கன்னியம்மா