அந்தக் கடலைக் காட்டுக்கு நான் தனியாகப் போனது

அண்ணா,

இன்று காலை கடை திறந்ததும் வேலுச்சாமி வந்தார். மலையடிவாரத்தில் கடலை போட்டிருக்கிறாரே, அவர்தான். வேரோடு கிடந்த செடி ஒன்றைக் கொண்டுவந்து உரமூட்டைமேல் வைத்தார். அதில் காய் ஒன்றுகூட இல்லை. பன்றி தின்றதுபோக வேரும் ஈரமண்ணும்தான் மிச்சம். அந்த மண் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. உங்களிடம் ஒரு விஷயத்தை நான் கடைசிவரை சொல்லவே இல்லை.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட நம் பஞ்சாயத்தில் உத்தரவு வாங்கியிருந்தது நாம் இரண்டு பேர்தான். தென்னந்தோப்புக்காரர் நீங்கள், உரக்கடைக்காரன் நான். மலையடிவாரத்துப் பஞ்சாயத்திலும் நம்மைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப் வாடகை, தோட்டா, கடை மூடுகிற நாள் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும் என்று தெரியும். ஆனாலும் ஆசை.

"மொதல்ல எடத்தப் பாக்கோணும் பாய். செலவு கட்டுமான்னு அப்பறம் பேசிக்கலாம்" என்றீர்கள்.

ஒரு மத்தியானம் போனோம். காடு முழுக்க உழுது போட்டதுபோல் பன்றி கிளறியிருந்தது. வரப்பில் மான் குளம்பும் பதிந்திருந்தது. நான் தடம் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். நீங்கள் எதிர்ப்பக்கமாக நடந்து வேலியைத் தாண்டிப் போனீர்கள். மான் இருப்பதால் தயங்குகிறீர்கள் என்று நினைத்தேன். மானைத் தொட்டால் ஜெயில்தானே.

திரும்பி வந்து வேலுச்சாமியிடம் கேட்டீர்கள்: "ஏனுங்க, வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு தடம் போகுது. ஆரு நடக்கறாங்க?"

"காத்தால சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறவங்கதானுங்க."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "பூமி தட்டையாக் கெடக்குது. தப்புன குண்டு எங்க போயி நிக்கும்? இந்த எடம் நமக்கு வேண்டாம் பாய்."

வேலுச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க பாடு உங்களுக்குப் பெருசாத் தெரியலீங்களா?" என்றார். திரும்பும்போது ஜீப்பில் நான்தான் வாயை விட்டேன். "வயசாயிருச்சுண்ணா உங்களுக்கு. பயம் வந்துருச்சு." ஊர் வந்ததும் ஜீப் வாடகையில் உங்கள் பங்கை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனீர்கள்.

அடுத்த வாரம் அந்தப் பஞ்சாயத்தில் என் பெயரை மட்டும் சேர்க்கச் சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்டு போனேன். நன்றாக வெளிச்சம் வந்தபிறகு பெரிய பன்றி ஒன்று செடிக்குள்ளிருந்து எழுந்து வேலியோரம் போனது. சுட்டேன். நாலடி ஓடி விழுந்தது. வேலுச்சாமி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் வேலிக்கு அப்பால் ஒரு தலை எழுந்தது. பால் கேனோடு ஒரு பெண். அறுந்த செருப்பைச் சரிசெய்யக் குனிந்திருக்கிறாள், பன்றி நின்ற இடத்துக்கு நேர் பின்னால். அவள்மேல் ஒன்றும் படவில்லை. வெடிச் சத்தத்தில் பால் மட்டும் கொட்டியிருந்தது. வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கிட்டே வந்து கேட்டாள்: "ஏனுங்ணா, நான் இருக்கறதப் பாத்துட்டுத்தானுங்க சுட்டீங்க?"

"பாத்துத்தாம்மா சுட்டேன். உம் பக்கம் வராதுன்னு தெரியும்" என்றேன்.

அவளுக்கு மூச்சு வந்தது. மிச்சப் பாலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

யாரோ சொல்லி நீங்கள் கடைக்கு வந்தீர்கள். "போனீங்களாமா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"போனேண்ணா. ஒண்ணு விழுந்துச்சு. ஆனா தூரம் ஜாஸ்தி, ஜீப் வாடகைக்குக் கட்டாது."

டீயைக் குடித்து முடித்துவிட்டு, "செரி, உடுங்க" என்று எழுந்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாளைக் கடத்தினேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வாய் வரவில்லை.

இன்று வேலுச்சாமி மறுபடியும் கூப்பிட்டார். "செலவு கட்டலீங்கன்னா பாதி நான் போடறனுங்க" என்றார். காரணம் செலவு இல்லை என்று சொல்லி, முதல்முறையாக அவரிடம் உண்மையைச் சொன்னேன். அன்று அந்தப் பால்காரப் பெண்ணை நான் பார்க்காமல்தான் சுட்டேன் என்று சொன்னேன். அவர் குண்டு தாண்டாதபடி வேலியோரம் மேடு போட்டு மண்ணை உயர்த்த முடியுமா என்று யோசிப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

படியிறங்கும்போது ஒன்று சொன்னார். இப்போது வேறு ஆட்கள் அங்கே வந்து சுடுகிறார்களாம். அந்தப் பெண் இன்னும் அதே தடத்தில்தான் போகிறாளாம். சுற்றிப் போ என்று யார் சொன்னாலும், "அவங்க பாத்துத்தான் சுடுவாங்க" என்கிறாளாம்.

அண்ணா, அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வரும் நேரத்துக்கு அந்தத் தடத்துக்குப் போகிறேன், அன்று பார்க்காமல் சுட்டதைச் சொல்ல. துப்பாக்கி எடுத்துப் போகவில்லை.