துளசியின் இடது கை

செவ்வாய் இரவு, வெள்ளவத்தை

போன கிழமை நானும் அறைத்தோழி துளசியும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினோம். இரவில் கொத்து ரொட்டி இல்லை, தேநீரில் சீனி இல்லை. விடியக் கடற்கரையில் நடை, பத்து மணிக்குப் படுக்கை. அன்றிலிருந்து எனக்குத் தலையிடி. கம்பஸில் எல்லோர்மேலும் எரிந்து விழுகிறேன். அவளோ பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறாள். எப்படி?

இன்று பின்னேரம் கவனித்தேன். தேநீரை வலது கையால் குடிக்கிறாள். இடது கை பொத்தியபடியே இருக்கிறது.

"கையைக் காட்டடி."

"ஏன்?"

பிடித்து விரித்தேன். பனங்கட்டி! யாழ்ப்பாணத்தில் அவர்கள் வீட்டில் செய்வதுபோல் அந்தப் பனைவெல்லத்தைக் கடித்துக் கடித்துத் தேநீர் குடித்திருக்கிறாள்.

"தேத்தண்ணிக்குள்ள நான் ஒண்டும் போடேல்லையே. சீனியைத்தானே விட்டனாங்கள்?"

அப்படியென்றால் நடை முடிந்ததும் "நீ முதல்ல போ" என்று தினமும் என்னை அனுப்புவது எதற்கு, கடையில் எதையாவது தின்னவா? கேட்க வாயைத் திறந்தேன். இன்னொரு துண்டைத் தாளிலிருந்து பிரித்து என் வாய்க்குள் வைத்துவிட்டாள். தின்றேன். தலையிடி போய்விட்டது.

ஆனால் நித்திரை வரவில்லை. அந்த இரண்டாவது துண்டு அளவாக உடைத்து, தாளில் சுற்றியிருந்தது. அதை எனக்கென்று எப்போது எடுத்து வைத்தாள்? தொடங்கிய அன்றேயா?