துரையின் சின்னத் தட்டு

இன்று காலை உன் பையைத் திறந்தேன். அடியில் முசரவாக்கத்து உன் வயல் சேறு காய்ந்து பொடியாகிக் கிடந்தது. அந்த வாசனை கடை முழுக்கப் பரவிவிட்டது. தராசை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஜரிகைக் கடைக்காரர், "இன்னாபா, கடைக்குள்ளயே நாத்து நட்டுக்கினு இருக்குறியா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

போனில் வந்த ஒரு பதிலைப் படித்துவிட்டுத்தான் பையை எடுத்தேன். நாலு மாதமாக நான் எழுதிக் கேட்காத கடை இல்லை. கடைசியாகக் கேட்டிருந்த கடைக்காரன் இரண்டே வரியில் முடித்துவிட்டான். உங்கள் மாடலுக்குத் தட்டு செய்வதை எல்லாரும் நிறுத்தி வெகுநாளாகிறது, புதுக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். பெரிய மனுஷன், இலவச யோசனை வேறு. தட்டு இருக்கிறது என்றே எழுதியிருந்தாலும் இனி அதனால் ஒன்றும் ஆகாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரி ஓட்டப் போன நீ, திரும்பி வரும்போது டிவி கொண்டுவருவாய் என்று பார்த்தால், தங்கம் தேடுகிற பழைய மெஷினோடு வந்து இறங்கினாய். ஒரு கழி, அதன்மேல் ஒரு பெட்டி, அடியில் கறுப்பாக வட்டமாக ஒரு தட்டு. தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் கல்லாக இறுகின பசை. தரையை ஒட்டி வீசிக்கொண்டே போனால், கீழே உலோகம் இருக்கும் இடத்தில் கத்தும். சீமையிலிருந்து வந்ததால் அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தாய். மழை நாளில் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால், "துரைக்கு இன்னிக்கு மூடு சரியில்லபா" என்பாய்.

தட்டு இரண்டு வைத்திருந்தாய். பெரியது ஆழமாகப் பார்க்கும், ஆனால் சின்னச் சாமான் அதன் கண்ணில் படாது. சின்னத் தட்டு அப்படியில்லை. கடுகளவு தங்கம் என்றாலும் விடாது. மெஷின் செய்த கம்பெனி அந்த மாடலுக்குத் தட்டு செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தது. அதற்குப் பொருந்துகிற மாதிரி வேறொரு சின்னக் கம்பெனி செய்துகொண்டிருந்தது, அதிலிருந்துதான் யாரோ ஒருவருடைய மச்சான் மூலமாக இரண்டு மாதம் காத்திருந்து சின்னத் தட்டை வரவழைத்தோம். அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியும் கையைக் கழுவிவிட்டது. "பெட்டி சாவாதுபா. தட்டுதான் சாவும்" என்று சொல்லி, சின்னத் தட்டைத் துண்டில் சுற்றி வைத்தாய்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு காலை நினைவிருக்கிறதா? தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தியின் மூக்குத்தி கழன்று மண்ணில் விழுந்துவிட்டது. தெருவே குனிந்து தேடிக்கொண்டிருந்தது. நீ எல்லாரையும் ஓரமாக நிற்கச் சொல்லி, சின்னத் தட்டை மாட்டி நடந்தாய். சாக்கடை ஓரம் துரை கீச்சென்றான். நீ குனியவில்லை. இரண்டடி பின்னால் வந்து, "எடுமா, உன்னுதுதான்" என்றாய். அவள் விரலை விட்டுத் துழாவி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏன் நீயே எடுத்துக் கொடுக்கவில்லை என்று திரும்பும்போது கேட்டேன். "நாம எடுத்தா அது நாம கண்டுபுடிச்சது. அவுங்களே எடுத்தா, அவுங்க தொலைக்கவே இல்ல" என்றாய். எத்தனை பேருக்குத் தேடிக் கொடுத்திருப்பாய், ஒரு தடவைகூட நீயாகக் குனிந்து எடுத்ததில்லை.

புதையல் என்று வந்தவர்களை நீ விரட்டின விதம் இருக்கிறதே! திருப்பருத்திக்குன்றம் பக்கம் பொட்டல் ஒன்றில் தேட வேண்டும் என்று காரில் மூன்று பேர் என் கடைக்கே வந்தார்கள்.

"தொலைச்சவங்க பேரு சொல்லுங்க, வரேன்" என்றாய்.

"ராஜா காலத்துதுங்க."

"அப்ப ராஜாவ வரச் சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தோம்.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது.

சின்னத் தட்டின் ஒயர் லேசாகப் பிளந்திருந்தது. துரையோடு சேர்த்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாய். "ஒயரை மட்டும் மாத்துபா. தட்டைத் தொறக்காத" என்று இரண்டு தடவை சொன்னாய். சரி என்றேன். நான் யார்? காஞ்சிபுரத்தில் பட்டும் ஜரிகையும் நகையும் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசுகளில் பாதிக்குமேல் என் கையில் திறந்து மூடப்பட்டவை. எதையும் திறந்து பார்த்துவிடுவேன் என்ற கொழுப்பு. இனிக் கடையில் தட்டு கிடைக்காது, நாமே செய்துகொண்டால் என்ன என்று தோன்றியது. உள்ளே எத்தனை சுற்று, என்ன கனத்தில் கம்பி என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் எவனிடமும் கெஞ்ச வேண்டாம். உன் முன்னால் புதுத் தட்டைக் கொண்டுவந்து வைத்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், சத்தியமாக.

ரம்பத்தைப் போட்டேன். பசையோடு பசையாகக் கம்பியும் அறுந்து வந்தது. எண்ணுவதற்குக்கூட ஒரு சுற்று முழுசாக மிஞ்சவில்லை. ஒட்டிப் பார்த்தேன், புதுக் கம்பி சுற்றிப் பார்த்தேன். துரை ஊமையாகிவிட்டான். தட்டை மூடிப் பசை தடவி, விளிம்பில் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். நீ வந்ததும், "ஒயர் இல்லபா, உள்ளயே போயிடுச்சு" என்றேன்.

நீ தட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் கையிலயே சரியாவலன்னா வேற யாரால முடியும்? உடு" என்றாய். எனக்கு டீ வாங்கி வேறு கொடுத்தாய்.

அதற்கடுத்த மாதம் உன் வயலில் நடவு. உன் மனைவி செல்வி நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது மஞ்சள் கயிறு இற்று, தாலிப் பொட்டு சேற்றுக்குள் போய்விட்டது. உன் அம்மா வரப்பில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒப்பாரி வைத்தார். அவசரமாகக் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டி நீயே அவள் கழுத்தில் முடிந்தாய். "ரெண்டாவது கல்யாணம்டி, மாமியார் கூட அதே மாமியார்தான்" என்று நீ சிரித்தாய். செல்வி சிரிக்கவில்லை.

நீயும் நானும் பெரிய தட்டை மாட்டி இறங்கினோம். அதில் விரிசல், தண்ணீர் பட்டால் வயல் முழுக்கத் தங்கம் என்று கத்துகிறது. அறுப்பு முடிந்து மண் காயட்டும் என்று காத்திருந்து மறுபடி தேடினோம். ஒரு லாடமும், கலப்பைத் துண்டும், இரண்டு ஆணியும் கிடைத்தன. வரப்பில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சின்னத் தட்டு இருந்தா இந்நேரம் எடுத்திருக்கலாம்" என்றாய். நான் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? காலைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம்தான் நீ இருந்தாய். மாரடைப்பு என்றார்கள். பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது ஒரே பேச்சு. "தாலிய மண்ணுல உட்டவ. அன்னிக்கே தெரியும்." யாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லவில்லை. செல்வி உன் கால்மாட்டில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுத்த நாற்காலியை விரித்துப் போட்டேன். இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லையடா. கல்யாண வீட்டில் அவளைத் தள்ளி உட்கார வைக்கிறார்கள், உன் அம்மாவே ஆரத்தித் தட்டை அவளிடமிருந்து நகர்த்தி வைக்கிறார்.

நாலு மாதத்துக்கு முன்னால் செல்வி கடைக்கு வந்தாள். உன் பையை என் மேஜைமேல் வைத்தாள். உன் அண்ணன் தம்பிகள் பேசி நிலத்தை மனைக்குக் கொடுத்துவிட்டார்களாம். அறுப்பு முடிந்ததும் ஆளுயரத்துக்குக் கிராவல் மண் கொட்டப் போகிறார்களாம்.

"ஒரே ஒரு தடவ தேடிக் குடுங்கணா" என்றாள். "எனக்கு அத வச்சிக்கினு இன்னா ஆவப் போவுது? அவுங்க முன்னால கையில வச்சிக் காட்டணும். தொலைக்கல, இங்கதான் இருந்துச்சின்னு சொல்லணும். அவ்ளோதான்."

உன் வார்த்தையை அவளும் கேட்டிருக்கிறாள் என்று புரிந்தது.

தேடினேன், எத்தனை இடத்தில் என்று எனக்கே கணக்கில்லை. புதுத் தட்டு எதுவும் துரையின் பிளக்கில் சேரவில்லை. இதே மாடல் வைத்திருக்கும் ஒருத்தனை வடக்கே கண்டுபிடித்தேன். ஆஹா என்று போன் போட்டால், அவன் மெஷினிலும் தட்டு செத்துக் கிடக்கிறது, என்னிடம் இருந்தால் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். புதுத் தங்க மெஷின் வாங்குவதானால் கடையை விற்க வேண்டும். நானே மூன்று தட்டு சுற்றினேன். இரண்டு ஊமை, ஒன்று போட்டதும் கத்தி நிறுத்தவே இல்லை. சின்னத் தட்டின் உள்ளே கம்பி எப்படிப் படிந்திருந்தது என்று பார்க்கக் கிடைத்த ஒரே ஆள் நான். பார்த்த கையோடு கெடுத்தவனும் நான்.

போன வாரம் லாரிகள் வந்துவிட்டன. விரிசல் விட்ட பெரிய தட்டோடும், ஆன்லைனில் வாங்கின, விளையாட்டுச் சாமான் மாதிரியான ஒரு மலிவு மெஷினோடும் ஓடினேன். மேஸ்திரி நல்ல மனுஷன், செல்வி கேட்டதும் இரண்டு மணி நேரம் லாரியை நிறுத்திவைத்தார். நான் வரப்புக்கு வரப்பு நடந்தேன். அவள் என் பின்னாலேயே வந்தாள், கத்தினால் குனிந்து எடுக்கத் தயாராக. பாட்டில் மூடி, டிராக்டர் போல்ட்டு, மறுபடி பாட்டில் மூடி. ஒவ்வொரு தடவையும் அவள் குனிந்தாள். ஒவ்வொரு தடவையும் "எடுமா" என்று சொல்ல நான் வாயெடுத்து, மூடிக்கொண்டேன். கடைசியில், "போதும்ணா, அவுங்க வேலையப் பாக்கட்டும்" என்றாள்.

முதல் லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டியது. செம்மண் புழுதி எங்கள்மேல் வந்து படிந்தது. அப்போது சொல்லிவிட்டேன். ரம்பம், பசை, கறுப்புப் பெயிண்ட், உன்னிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும். என்னைத் திட்டுவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

செல்வி தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள். பிறகு, "அவருகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

"இல்லமா."

"சாவுற வரைக்கும் அந்தத் தட்டு தன்னாலதான் போச்சின்னு சொல்லிக்கினு இருந்தாருணா. ஒரு நாளு மழையில நனைய உட்டுட்டேன், அதான் போச்சி, என்னாலதான் உனுக்கு இந்தப் பேச்சின்னு. படுத்தா அதே பொலம்பல்." முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். "மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க."

அதற்குமேல் என் முகத்தைப் பார்க்காமல் வரப்போடு நடந்து போய்விட்டாள். அதற்கப்புறம் கடைப் பக்கம் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

உன் பையிலிருந்து எடுத்த சின்னத் தட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டிவிட்டேன். ரம்பம் போன தடம் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகத் தெரிகிறது. அது என்ன என்று ஜரிகைக் கடைக்காரர் கேட்டார். நான் அறுத்தது என்றேன்.

அவள் சொன்னபடி உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு மழையில் ஒன்றும் ஆகவில்லையடா. அது உன்னால் போகவில்லை. நான்தான் அறுத்தேன்.